முதலில் கூவியவனுக்கா பட்டம்?

எட்டாவது வாரத்தில் தராசை எடு. சேவல் குஞ்சுகளில் எது கனமோ அதை வை. அது முதலில் கூவி, அண்ணன் தம்பிகளை அடித்து ஒதுக்கினால் இன்னும் விசேஷம். மிச்சத்தையெல்லாம் விற்றுக் காசாக்கு. அந்த ஒற்றைச் சேவலை மூன்று நான்கு வருஷம் மாற்றாதே. அதன் மகள்களுக்கும் அதையே விடு, ரத்தம் சுத்தமாக இருக்கும். புறக்கடையில் கோழி வளர்ப்பவர்களுக்குச் சென்ற இதழில் தரப்பட்ட அறிவுரையின் சாரம் இவ்வளவுதான். இதைச் சொல்லக் கட்டுரையாளருக்கு ஆறு பக்கமும் டார்வினின் பெயரும் தேவைப்பட்டிருக்கின்றன.

தவறான அறிவுரை தினமும்தான் அச்சாகிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? இதற்கு எழுதியே தீர வேண்டியிருக்கிறது. தீவனத்தில் செய்த தவறு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சேவலில் செய்த தவறு அடுத்த வருஷம் அடைமுட்டையில்தான் தெரியும். அதற்குள் வைத்திருக்க வேண்டிய சேவல்கள் எல்லாம் குழம்பாகிப் போயிருக்கும், திருத்திக்கொள்ளக் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முதலில் தராசு. எடை வழிவழியாக இறங்குகிற குணம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எட்டு வாரத்தில் தராசு காட்டுவது ரத்தத்தின் குணத்தையா? பொரித்த அன்றைக்குக் குஞ்சின் எடை முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முதல் ஈட்டுக் கோழியின் முட்டை சிறியது, இரண்டாம் வருஷக் கோழியின் முட்டை பெரியது. ஆக, பிறக்கும்போதே ஒருவன் முன்னால் நிற்கிறான், அது அவன் தாயின் வயதால் வந்தது. பிறகு தேதி. வீட்டில் மூன்று கோழி பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் குஞ்சு இறக்கியிருக்கும். பஞ்சாரத்தைத் திறந்துவிட்ட பிறகு எல்லாக் குஞ்சும் ஒன்றாகத்தான் ஓடும். எட்டு வாரம் என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். எந்தக் குஞ்சுக்கு எட்டு, எதற்குப் பத்து என்று யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? இதோடு தாயின் கெட்டிக்காரத்தனமும் சேரும். ஒரு கோழி கரையான் புற்றைத் தேடிப் போய்க் கிளறிக் கொடுக்கும். இன்னொன்று குப்பைமேட்டை விட்டு நகராது. குஞ்சின் எடையில் பாதி இந்தக் கதைதான்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் வனராஜாவோ கிரிராஜாவோ வளர்க்கிறார்கள் என்று வையுங்கள். முதலாவது ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியது, இரண்டாவது பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவானது. சீக்கிரம் எடை போடும், அதற்காகத்தான் அவற்றை உருவாக்கினார்கள், அதில் தப்பில்லை. அந்தச் சேவல் வேலி தாண்டி வந்து உங்கள் பெட்டை ஒன்றை மிதித்திருந்தால், அந்த ஈட்டில் எடை கூடிய குஞ்சு யாருடையது? தராசு அவன் மகனைத்தான் தூக்கிக் காட்டும். பிறகு இரண்டாம் தலைமுறையில் மகள்கள் முட்டையிட்டுவிட்டு, அடை உட்காராமல் எழுந்து போகும்போது, நாட்டுக்கோழி கெட்டுப் போச்சு என்று புலம்ப வேண்டியதுதான்.

பெருவிடை வைத்திருப்பவர்களுக்கு இந்த எட்டு வாரக் கணக்கு இன்னும் கேடு. பெருவிடைச் சேவல் மெதுவாக வளரும் ஜாதி. எட்டு வாரத்தில் பார்த்தால் காலும் கழுத்துமாக, சிறகு பாதி முளைத்து, பார்க்கச் சகிக்காது. அது நெஞ்சு விரிந்து உடம்பு நிறைய ஒரு வருஷத்துக்கு மேலாகும். எட்டு வாரத்தில் உருண்டு திரண்டு இருப்பவனை வைத்துக்கொண்டு, ஒட்டி உலர்ந்து நிற்பவனை விற்றால், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றுபோகிற ரத்தத்தையே வருஷாவருஷம் பொறுக்கிச் சேர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கூவல். முதலில் கூவியவனுக்குத்தான் வீரியம் என்கிறார். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சேவல்களைக் கூட்டமாக வைத்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார்கள்: விடியலில் முதலில் கூவுவது அந்தக் கூட்டத்தின் தலைவன், மற்றவை அவரவர் படிநிலைப்படி வரிசையாகக் கூவும். தலைவனை எடுத்துவிட்டால் இரண்டாமவன் முதலில் கூவுவான். இரண்டாமவனின் ரத்தம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிட்டதா? மேலே இருந்தவன் போய்விட்டான், அவ்வளவுதான். கூவாமல் இருக்கும் சேவல் குஞ்சு கூவத் தெரியாமல் இருப்பதில்லை. கூவினால் அடி விழும் என்று தெரிந்து அடங்கியிருக்கிறது. கட்டுரையாளரின் கண்ணுக்கு அது சோப்ளாங்கி.

அடித்து ஒதுக்குவது பற்றிய பத்திகளை ஆடுகளம் படத்தைப் பார்த்த கையோடு எழுதியிருப்பார் போலிருக்கிறது. சண்டையில் ஜெயித்தவன் இனவிருத்திக்கு ஏற்றவன், இது இயற்கையின் தீர்ப்பு என்கிறார். பூலாம்வலசுப் பக்கம் போய் சேவல்கட்டு தெரிந்த பெரியவர் யாரையாவது கேட்டிருக்கலாம். ஜெயித்த சேவலை விலை பேசினால் கொடுத்துவிடுவார்கள், அதன் தாயைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். சண்டைக்காகவே வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, முட்டைக்கும் கறிக்கும் வளர்ப்பவர்களுக்கு வழி சொல்ல வந்தவருக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர் 1996இல் வெளியிட்ட ஆய்வு கோழி இனவிருத்தியில் இருப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. தனித்தனிக் கோழியின் திறமையைப் பார்த்துப் பொறுக்காமல், கூண்டில் ஒன்றாக இருக்கும் குடும்பம் முழுவதும் எப்படி இருக்கிறது என்று பார்த்து அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். ஒன்றையொன்று கொத்திச் சாகும் அந்தக் கூட்டத்தில் ஆண்டுச் சாவு 68 சதவீதமாக இருந்தது, இரண்டே தலைமுறைகளில் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முட்டையும் கூடியது. அது பெட்டைகளில் நடந்த சோதனை, கூண்டுக்குள் நடந்தது. அப்படியே நம் கொல்லைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அடுத்தவனை அமுக்கி மேலே வந்தவனை மட்டும் தேடித்தேடி வைத்துக்கொண்டால், தலைமுறை ஏற ஏறக் கொத்துவதுதான் பெருகும் என்பதை அதற்கு மேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அண்ணன் தம்பியை அடித்தவன் அத்தோடு நிற்பானா? அவன் இருக்கிற வீட்டில் பெட்டைகளைப் பிடித்துப் பாருங்கள். முதுகில் இறகு பிய்ந்து தோல் சிவந்திருக்கும், பின்கழுத்தில் கொத்தின தழும்பு இருக்கும். சாயங்காலம் தீனி போட்டால் பாதிப் பெட்டைகள் கூரை மேலிருந்து இறங்காது. முட்டை கூடைக்கு வராமல் வேலியோரப் புதருக்குப் போகும். நல்ல சேவல் வேறு மாதிரி. கரையானைக் கண்டால் தான் தின்னாமல் கொக் கொக்கென்று கூப்பிட்டு, அலகால் எடுத்து எடுத்துப் போட்டுக் காட்டும். பெட்டைகள் ஓடிவந்து பொறுக்கும்போது தள்ளி நிற்கும். வானத்தில் பருந்து நிழலாடினால் ஒரு குரல், புதரில் கீரி அசைந்தால் வேறொரு குரல். முதல் குரலுக்குத் தாய்க்கோழிகள் குஞ்சோடு பதுங்கும், இரண்டாவதற்குத் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும். இந்தக் குணமெல்லாம் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். கட்டுரையாளரின் திட்டப்படி அதற்கு மூன்று மாதம் முன்பே அந்தச் சேவல் வியாபாரியின் சைக்கிள் கூடையில் ஏறியிருக்கும்.

இனி அந்தக் கட்டுரையின் மூலப் பிழைக்கு வருகிறேன். ஆறு பக்கத்தில் தாய்க்கோழி பற்றி ஒரு வரி கிடையாது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஊரே சொல்லும். அவர் சேலையை மட்டும் எடை போட்டு வாங்கச் சொல்கிறார்.

சேவல் முட்டையிடாது. இதை எழுதிக் காட்ட வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. முட்டையிடும் திறம், அடை உட்காரும் பொறுமை, குஞ்சைக் காக்கும் புத்தி, இவை மூன்றும்தான் புறக்கடைக் கோழியின் சொத்து. மூன்றில் ஒன்றைக்கூடச் சேவலின் உடம்பைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. அவன் தாயிடமும் அக்கா தங்கைகளிடமும்தான் பார்க்க முடியும். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து முட்டையிடும், 21 நாள் அடை கிடக்கும், பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும். இப்படி வருஷத்துக்கு மூன்று நான்கு சுற்று. எத்தனை முட்டை என்பதைவிட, எத்தனை குஞ்சு பருந்துக்கும் கழிச்சலுக்கும் தப்பித் தாயை விட்டுப் பிரிந்தது என்பதே கணக்கு. பன்னிரண்டு முட்டை வைத்து, பத்தைப் பொரித்து, எட்டைப் பிழைக்க வைத்த கோழி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், சேவலை வேறெங்கும் தேட வேண்டாம். அவள் மகன்களில் தேடுங்கள்.

இதற்கு உயிரியலிலும் ஒரு காரணம் உண்டு. கோழியினத்தில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய் தன் இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கிறாள். மகளுக்குப் போவது டபிள்யூ. மகளின் இசட் அப்பனிடமிருந்து வருகிறது. ஆகவே, நல்ல கோழியின் இசட்டில் இருக்கும் குணம் அவள் மகளுக்கு நேராகப் போகாது, மகன் வழியாகப் பேத்திக்குத்தான் போகும். இது மொத்தம் 39 ஜோடியில் ஒரு ஜோடி மட்டுமே. மற்றதெல்லாம் இரு பாலுக்கும் பொதுவாகவே இறங்குகிறது. ஆனாலும் நல்ல கோழியின் மகன்களை முழுக்க விற்றுவிட்டு மகள்களை மட்டும் வைத்துக்கொள்பவர் கைவிடுவது எதை என்று இதிலிருந்து தெரியும்.

கட்டுரையாளர் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம்: முட்டை எண்ணிக்கை, குஞ்சு பிழைப்பது போன்றவை வழிவழியாக இறங்குவது குறைவுதானே, எடைதானே நன்றாக இறங்கும், பிறகு எடையைப் பார்ப்பதில் என்ன தப்பு? கேள்வி நியாயமானது. குறைவாக இறங்கும் குணத்தை ஒரே ஒரு கோழியை ஒருமுறை பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் தாய், தாயின் சகோதரிகள், இரண்டு மூன்று ஈடு என்று சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எடை சுலபமாக இறங்கும் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உடல் எடையும் முட்டை எண்ணிக்கையும் எதிரெதிராக இழுப்பவை. எடையை மட்டும் பிடித்து மேலே ஏற்றினால் முட்டை கீழே இறங்கும். கறிக்கோழிக் கம்பெனிகள் தந்தை வழியை வளர்ச்சிக்காகவும் தாய் வழியை முட்டையையும் சேர்த்துப் பார்த்தும் தனித்தனியாக வைத்திருப்பது சும்மா இல்லை. கொல்லையில் இரண்டு வழி வைத்துக்கொள்ள இடமில்லாதவர், ஒரே சேவலில் எடை மட்டும் பார்த்தால் முட்டையைத்தான் விலையாகக் கொடுப்பார்.

தாயைப் பார் என்றால் பதிவேடு எங்கே என்பார்கள். வீட்டில் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் கோழியைத் திறந்துவிடுவதும் அடைப்பதும் அடை வைப்பதும் பெரும்பாலும் பெண்கள். எந்த முட்டை நீளம், எது வெளிறிய ஓடு, எந்தக் கோழி அடுக்களை மூலைக்குத்தான் வரும், எது போன ஈட்டில் பாதியில் எழுந்துபோய் முட்டையைக் கூமுட்டையாக்கியது என்று கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்வார்கள். ஆறு பக்கமும் பண்ணையாளர்களே, பண்ணையாளர்களே என்று மீசை வைத்தவர்களைப் பார்த்தே பேசிய கட்டுரையாளர், அந்தப் பெண்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டுரையே வந்திருக்காது.

ஒற்றைச் சேவல் விஷயம் இன்னும் மோசம். செவால் ரைட் என்ற மரபியல் அறிஞர் 1931இலேயே இதற்கு ஒரு கணக்குக் கொடுத்துவிட்டார். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். ஒரு சேவல், பத்துப் பெட்டை: 40ஐ 11ஆல் வகுத்தால் 3.6. அதாவது கொல்லையில் பதினொரு கோழி மேய்ந்தாலும், ரத்தக் கணக்கில் அது நான்கு கோழிகூட இல்லாத மந்தை. அதே பத்துப் பெட்டைக்கு மூன்று சேவல் இருந்தால் 9.2. தீனி இரண்டு சேவலுக்குத்தான் கூடுகிறது, மந்தை இரண்டரை மடங்கு அகலமாகிறது. மகள்களுக்கும் அப்பனையே விடச் சொல்கிறாரே, அதில் பிறக்கும் குஞ்சுக்கு உட்கலப்பு 25 சதவீதம். அண்ணன் தங்கையைச் சேர்த்தாலும் அதே அளவுதான். முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துக் கிடப்பது, பொரித்தது தேறாமல் போவது, கோணல் மூக்கு, கோணல் விரல் என்று அது வெளியே தெரிய ஆரம்பிக்கும்போது, அடை வைத்த நாள் சரியில்லை என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

டார்வினைத் துணைக்கு அழைத்ததுதான் வேடிக்கை. வளர்ப்பு விலங்குகளைப் பற்றி டார்வின் 1868இல் வெளியிட்ட பெரிய நூலில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பிலேயே, நெருங்கிய உறவுக்குள் இனம் சேர்ப்பதன் கேடுகள் என்ற பொருள் வருகிறது. புத்தகத்தைப் புரட்டாமல் ஆசிரியர் பெயரை மட்டும் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த ஒற்றைச் சேவல் மலடாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் கட்டுரையில் பதில் இல்லை. சேவலின் விதைகள் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி இருக்கின்றன. வெளியே பார்த்துச் சொல்ல வழியில்லை. எவ்வளவு கம்பீரமாகக் கூவினாலும் முட்டையைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அடை வைத்த ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பார்த்தால், கரு பிடித்ததில் சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடும், பிடிக்காதது வெறும் வெளிச்சமாக நிற்கும். இந்தச் சோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேல்கூடத் தங்கும். புதுச் சேவலை விட்ட மறுவாரம் எடுத்த முட்டையில் பழையவனின் குஞ்சும் இருக்கலாம். மூன்று வாரம் பொறுத்துத்தான் முட்டையை எண்ண வேண்டும்.

கட்டுரையில் சேவலின் இறகு நிறத்துக்குப் பலன் சொல்லும் பகுதியை, காகம் கீரியை வெல்லும், வல்லூறு ராசி என்று நிறங்களுக்குப் பெயர் வைத்துச் சொல்வதையெல்லாம், சோதிடப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? எட்டு வாரத்தில் யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள், கழிக்க வேண்டியதை மட்டும் கழியுங்கள்: அலகு கோணியது, விரல் மடங்கியது, நொண்டுவது, கழிச்சலில் விழுந்து எழுந்தும் தேறாதது. மிச்சத்தில் நல்ல தாய்களின் மகன்கள் ஐந்தாறை ஐந்து மாதம் வரை ஓட விடுங்கள். அப்போது கையில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலை நெஞ்செலும்பில் வைத்து முன்னிருந்து பின்னால் ஓட்டினால் நேராகப் போக வேண்டும், வளைந்தால் வேண்டாம். கீழே விட்டால் இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும். மனிதர் மேல் பாய்பவன், பெட்டையை விரட்டியே சாகடிப்பவன், இவர்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த குலதெய்வப் படையலுக்குத்தான். அதற்குப் பிறகும் மூன்று பேர் மிஞ்ச வேண்டும்.

ஐந்து மாதம் யார் தீனி போடுவது என்பது கட்டுரையாளரின் வாதம். மேய்கிற கோழிக்குச் சாயங்காலம் ஒரு கைப்பிடி குருணை, அதற்குமேல் யார் போடுகிறார்கள்? எட்டு வாரக் குஞ்சை வியாபாரி கூடைக் கணக்கில் அள்ளிக்கொண்டு போவார். ஐந்து மாதச் சேவலுக்கு ஆடியிலும் தீபாவளிக்கும் ஆள் வீடு தேடி வரும். வைத்துக்கொள்ளாத சேவலும் நஷ்டமில்லை.

மகள்களுக்கு அப்பனை விடாமல் இருக்கச் சந்தைக்குப் போய்ப் புதுச் சேவல் வாங்கினால் போதுமே என்று நினைக்க வேண்டாம். அய்யலூர்ச் சந்தையில் வியாழக்கிழமை நல்ல சேவல் கிடைக்கும், சந்தேகமில்லை. தாய் யாரென்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது. பல ஊர்க் கோழி ஒன்றாகக் கிடந்த இடத்திலிருந்து வருவதால் மூன்று வாரமாவது தனியே அடைத்து வைக்காமல் மந்தையில் விடக் கூடாது. சளி நோய், வெள்ளைக் கழிச்சல் போன்றவற்றின் கிருமிகளில் சில முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போகும். இதைவிட எளிய வழி, தெருவில் கோழி வளர்க்கும் மூன்று வீடு பேசிக்கொள்வது. பெட்டைகள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு, மூன்றாம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கு. சேவல் சுற்றி முடித்துப் பழைய வீட்டுக்குத் திரும்பாதவரை அப்பனும் மகளும் ஒரே கொல்லையில் சேர வழியில்லை, தாய் யாரென்றும் மூன்று வீட்டுக்கும் தெரியும். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் மூன்று வீட்டுக் கோழிக்கும் ஊசி போட்டுவிட்டு மாற்றினால் இன்னும் நல்லது.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சேவல் குஞ்சுகளைக் கூடையில் அடைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வியாபாரி வருவதற்கு முன் மூடியைத் திறந்து ஐந்தாறை வெளியே விடுங்கள். எந்த ஐந்தாறு என்பதைத் தராசிடம் கேட்காமல், கோழியை அடை வைத்தவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள்.